மகளுக்கு, கிளினிக் கார்ட் பற்றி

அன்பு மகளுக்கு,

வெள்ளிக்கிழமை போனில் சொன்னாயே, இருபதாவது கிழமை ஸ்கேனுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பினாய் என்று. குடும்பத்தில் யாருக்காவது பிறவி இருதய வருத்தம் இருந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டேன், சரிதானே அம்மா என்றாய். சோறு வடிக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அதை மாற்றி எழுது மகள். உனக்கு ஒரு அண்ணன் இருந்தான்.

1997 புரட்டாதியில் பிறந்தான். இரண்டு கிலோ எழுநூறு. கிளி என்றுதான் கூப்பிடுவோம். நாலு வாய் பால் குடித்தால் களைத்துப்போவான். 'கறுத்தப் பிள்ளை, அதுதான் சொண்டு அப்படி' என்று ஒரு டொக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் கிளினிக் மிஸ்தான் அவன் நகத்தை வெயிலில் பிடித்துப் பார்த்து, 'இது கறுப்பில்லை, நீலம்' என்றா.

கொழும்புக்குக் கொண்டுபோனோம். ரயில் அப்போது மட்டக்களப்புக்கு வருவதில்லை. பஸ்தான். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பிள்ளையையும் பையையும் தூக்கி நடந்து, திரும்ப ஏற வேண்டும். எக்கோ என்கிற இருதய ஸ்கேன் பார்த்த டொக்டர் ஒரு துண்டில் கீறிக் காட்டினார். கீழ் அறை இரண்டுக்கும் நடுவில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகிற வழி ஒடுக்கம், பெரிய நாடி அந்த ஓட்டைக்கு மேலே ஏறி நிற்கிறது, வலப்பக்கச் சுவர் தடிப்பு. நாலும் சேர்ந்ததற்கு 'டெட்ரலொஜி ஒஃப் ஃபலோ' என்று பெயர். திருப்பித் திருப்பிக் கேட்டுப் பாடமாக்கினேன். இதே பெயரை உன் டொக்டரிடம் சொல்லு.

ஒபரேசன் செய்யலாம், ஆனால் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் அழுது நீலம் பாரித்தால் முழங்கால் இரண்டையும் மடக்கி நெஞ்சோடு அமர்த்திப் பிடிக்கக் காட்டித் தந்தார்கள். எத்தனை ராத்திரி அப்படிப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்! நீலம் மெல்ல மெல்ல இறங்கும், மூச்சு சீராகும். பிறகு என் மூக்கைப் பிடித்து இழுப்பான். சிரிப்பு வேறு.

1998 ஆவணியில் வயிற்றோட்டம். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் மாறுகிற வருத்தம். இவனுக்கு உடம்பில் தண்ணீர் வற்ற வற்ற அந்த நீலம் விடவேயில்லை. கல்லடிப் பாலத்தடிக்கு ஓட்டோ வந்தபோதும் அவன் முழங்கால் என் கைக்குள்தான். பழைய இரும்புப் பாலம், ஒடுக்கம். எதிரே வருகிற வாகனம் முடியும்வரை நின்றோம். எவ்வளவு நேரம் நின்றோம் என்று அப்பாவிடம் இன்றுவரை கேட்டதில்லை.

பதினொரு மாதம்.

ஆம்பிளைகள் கொண்டுபோனார்கள். எந்த இடம் என்றுகூட நான் பார்க்கவில்லை. இருந்தது ஒரே ஒரு படம். நான் அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று மாமி நாவலடிக்கு எடுத்துப்போய் அலுமாரியில் வைத்தா. 2004 இல் கடல் அந்த வீட்டையே கொண்டுபோனது. மிஞ்சியது நான் சீலைக்கு அடியில் ஒளித்து வைத்த அவன் கிளினிக் கார்ட்தான். மிஸ் வைத்த நிறைப் புள்ளிகள் கொஞ்சம் ஏறி, பிறகு படுத்துவிடுகின்றன. கடைசிப் புள்ளி ஆறு கிலோ முந்நூறு. அதற்கு அங்கால் ஐந்து வயது வரைக்கும் வெறும் கட்டங்கள்.

நீ வயிற்றில் இருந்தபோது அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்றா மாமி. பிறகு எனக்கு வாய் வரவில்லை. பத்து வயதில் உன் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய், நினைவிருக்கா? 'எத்தனையாவது பிள்ளை' என்ற இடத்தில் 2 என்று இருக்கே, நான்தானே மூத்தது என்று கேட்டாய். மிஸ் பிழையாக எழுதிட்டா என்றேன். பாவம் அந்த மனிசி, ஒரு எழுத்துப் பிழைவிடாதவ.

பயப்படாதே. நூறு பிள்ளைக்கு ஒன்று ஏதோ ஒரு இருதயக் குறையோடு பிறக்கிறதாம். உன்னிலும் தம்பியிலும் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இதே வருத்தத்துக்கு நேரத்தோடு ஒபரேசன் செய்துவிடுகிறார்கள், பெரும்பாலும் வளர்ந்து ஆளாகிவிடுகிறார்கள். ஆனாலும் சொல்லு. உன் வயிற்றில் இருக்கிறதுக்கு அவன் தாய்மாமன்.

கார்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தேன். அவனுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். ஒரு மணித்தியாலமாகிறது, இன்னும் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையிலேயே இருக்கிறான். போய்ச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

அம்மா