மருமகனின் காதும் எம்21-1 கையேடும்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பெரிய வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வர முடியவில்லை. நீ கொடுத்தனுப்பிய பிரசாதம் வந்து சேர்ந்தது.

அமெரிக்கப் படையிலிருந்து விலகிய உன் தங்கை மகன், சேவையில் வந்த உடல் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்டதற்கு அங்கிருந்து வந்த முடிவுக் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். காது இரைச்சலுக்கு 10 சதவீதக் குறைபாடு என்று கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு காதானாலும் இரண்டானாலும் 10தான், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. காது கேளாமையை மறுத்ததுதான் விஷயம். எம்21-1 கையேட்டிலிருந்து பத்துப் பக்கம் மேற்கோள் காட்டிப் பதில் எழுதப்போகிறான் என்றாயே, அதைக் கொஞ்சம் நிறுத்தி வை.

எம்21-1 என்பது அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை தன் மண்டல அலுவலக ஊழியர்களுக்கு எழுதிக்கொடுத்த வேலைமுறை. அவனுக்கு உரிமை தருவது அது இல்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 38ஆம் தலைப்பும் அதன் கீழுள்ள விதிகளும்தான். வாஷிங்டனில் இருக்கும் மேல்முறையீட்டு வாரியத்தைக் கையேடு கட்டுப்படுத்தாது. ஆனால் பிட்ஸ்பர்க் அலுவலகத்தில் அவன் கோப்பைப் பார்க்கிறவர் (வெளிநாட்டில் இருப்பவர்களின் கோப்புகள் பெரும்பாலும் அங்கேதான் போகும்) அதன்படிதான் நடக்க வேண்டும். அதனால் எழுதும்போது விதி எண் முதலில் வரட்டும். அடுத்து, அதைக் காட்டும் ஆவணம், தேதியோடும் பக்க எண்ணோடும். கையேடு கடைசியில், எந்தப் படியைத் தாண்டிப் போனார்கள் என்று காட்ட மட்டும். வெறும் கையேட்டு மேற்கோளை யாரும் படிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. சில வருஷங்களுக்கு முன் கையேட்டையே கலைத்துப் புதிதாக அடுக்கிவிட்டார்கள். இணையத்தில் சுற்றும் பழைய மாதிரிக் கடிதங்களில் இருக்கும் எண்களைத் தேடினால் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். இப்போது 5ஆம் பகுதியின் 3ஆம் உட்பகுதியில் காது, மூட்டு, மனநலம் என்று உடலமைப்பு வாரியாக இருக்கிறது. துறையின் நோ-விஏ (KnowVA) இணையதளத்தில் யாரும் படிக்கலாம். பார்க்கும் பக்கத்தை அன்றைய தேதியோடு சேமித்து வைக்கச் சொல். அடிக்கடி மாற்றுகிறார்கள், முடிவு எழுதிய நாளில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

இப்போது காதுக்கு வா. முடிவுக் கடிதத்தில் ‘சாதகமான கண்டறிதல்கள்’ என்று ஒரு பத்தி இருக்கிறது பார். எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது. பணியில் அதிக சத்தத்துக்கு ஆளானான் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விதி 3.104படி அடுத்து பார்க்கிறவர், தெளிவான பிழை இருந்தாலொழிய, அதை மாற்ற முடியாது. ஆகவே பீரங்கிச் சத்தத்தைப் பற்றி இனி ஒரு வரிகூட எழுத வேண்டாம். இது ஒப்புக்கொள்ளப்படாத கோப்பாக இருந்தால், கையேடு காட்டும் படைத்தொழில் சத்தப் பட்டியலைத்தான் முதலில் எடுக்கச் சொல்லியிருப்பேன். தொழிலுக்கு நேரே ‘மிக அதிக வாய்ப்பு’ அல்லது ‘மிதமான வாய்ப்பு’ என்று இருந்தால் சத்தத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது கையேடு.

மறுத்த காரணம், படையிலிருந்து விலகும்போது எடுத்த ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) சரியாக இருந்தது என்பது. அது மட்டுமே காரணமாகாது. 1993இல் ஹென்ஸ்லி வழக்கிலேயே நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்: இன்று அவனுக்கு இருப்பது விதி 3.385 சொல்லும் கேளாமைதானா? 500, 1000, 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ், இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில் கேட்க ஆரம்பிக்கும் ஒலியளவு 40 டெசிபல் அல்லது மேல். அல்லது மூன்றில் 26 அல்லது மேல். அல்லது மேரிலண்ட் சிஎன்சி சொற்பட்டியலில் (சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை) 94 சதவீதத்துக்குக் கீழ். 2000இல் 25, 3000இல் 35, 4000இல் 35, மற்றவை அதற்கும் கீழே என்றால் தேறாது. 2000இல் 26 ஆனால் தேறிவிடும். ஒரு டெசிபல்தான் வித்தியாசம்.

டர்பனில் பரிசோதனை செய்தால் அறிக்கையில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் எண் வேண்டும்; ‘லேசான குறைபாடு’ என்ற வார்த்தை உதவாது. எந்தச் சொற்பட்டியல் என்று எழுதச் சொல். வேறு பட்டியலில் எடுத்த சதவீதம் அவர்கள் அட்டவணையில் உட்காராது. காதுக் கருவி போடாமல் எடுக்க வேண்டும். காது மருத்துவர் கருத்து எழுதினால், பணிச் சத்தத்தால் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும், ஏன் என்றும் எழுத வேண்டும். ஏன் இல்லாத கருத்துக்கு மதிப்பில்லை.

எந்தப் படிவம் என்பதை இதுதான் தீர்மானிக்கும். புதிய ஆடியோகிராமோ கருத்தோ சேர்ப்பதென்றால் 20-0995, அதாவது புதிய ஆதாரத்தோடு மறுபடி கேட்கும் படிவம். அவர்கள் அனுப்பிய பரிசோதகர், விலகும்போது காது சரி என்ற ஒன்றை வைத்தே முடித்துவிட்டார் என்று மட்டும் சொல்வதென்றால் 20-0996, அதாவது இருக்கும் கோப்பை மூத்த அதிகாரி மறுபடி பார்க்கக் கேட்கும் படிவம். இதில் புதிய ஆவணம் ஒன்றும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த அதிகாரியோடு தொலைபேசியில் ஒருமுறை பேசக் கேட்கலாம். ஆடியோகிராமை 20-0996உடன் இணைத்து அனுப்புவது பலர் செய்யும் தவறு. அதை ஓரமாக வைத்துவிடுவார்கள். எதுவானாலும் முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போனால்தான் பழைய தேதியிலிருந்து பணம் கணக்காகும்.

கேளாமைக்கு 0 சதவீதம்தான் கிடைக்கலாம், அதை அவனிடம் முன்பே சொல்லிவிடு. ஆனாலும் விட வேண்டாம். படைச் சேவையோடு தொடர்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், ஃபாரின் மெடிக்கல் புரோகிராம் வழியே இங்கே செய்யும் சிகிச்சைச் செலவைத் திரும்பக் கேட்க வழி உண்டு. பின்னால் மோசமானால் உயர்வும் கேட்கலாம்.

முழங்காலைப் பற்றி அவன் இன்னும் கேட்கவே இல்லை. இந்த வாரமே 21-0966 (விண்ணப்பிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் படிவம்) அனுப்பட்டும். தேதியைப் பிடித்துக்கொண்டு முழு விண்ணப்பத்துக்கு ஒரு வருஷம் கிடைக்கும். அதற்கும் 10 வந்தால் 10ம் 10ம் 19 (இரண்டாவது 10 சதவீதத்தை மீதி 90இல்தான் கணக்கிடுவார்கள்), முழுமையாக்கினால் 20. பரிசோதனைக்குப் போகும்போது வலி கூடும் நாட்களில் எவ்வளவு மடக்க முடிகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வலி இல்லை என்று பரிசோதகர் விட்டுவிடக் கூடாது. 2017 ஷார்ப் தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது.

கைநிறையப் பணம் கேட்கிற அந்த ஆலோசகரை விட்டுவிடு. முதல் முடிவு வரும் முன் யாரும் கட்டணம் வாங்கக் கூடாது, அதன் பிறகும் அங்கீகாரம் பெற்றவர்தான் வாங்கலாம். அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் இலவசமாகவே செய்கின்றன.

ஆடியோகிராம் வந்ததும் நகலை அனுப்பு. எண்களைப் பார்த்துவிட்டு எந்தப் படிவம் என்று எழுதுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்