பாப்பா, ராத்திரி குதிரையை எங்கே கட்டுவாய்?

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

சிநேகிதியின் குதிரைகளோடு காட்டில் போய்த் தங்கப்போகிறாய் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா கரடி, கரடி என்று புலம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கரடிக் கவலை இல்லை. ராத்திரி அந்தக் குதிரையை எங்கே, எப்படிக் கட்டுவாய் என்பதுதான் என் கவலை. போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் தாத்தா, அதாவது என் நைனா, ஜட்கா வண்டி ஓட்டியவர். சென்ட்ரல் வாசலிலும் மின்ட் பக்கமும் சவாரிக்கு நிற்பார். குதிரைக்கு வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் லத்தி அள்ளுவது என் வேலை. காட்டில் முகாம் போட்ட பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. ஆனால் குதிரைக்கு வண்ணாரப்பேட்டையிலும் அமெரிக்காவில் நீ இருக்கிற வாஷிங்டன் மாநிலத்திலும் ஒரே வயிறுதான்.

நீ போகிற கலாமா குதிரை முகாமைப் பற்றி உன் அண்ணனை விட்டுத் தேடிப் படிக்கச் சொன்னேன். செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை அடிவாரமாமே, 1980 மே மாதம் வெடித்ததே, அதே மலை. குதிரைக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய இடம், குதிரையை அடைக்க வேலி போட்ட பட்டிகளும் இருக்கின்றன என்றான். நல்லது. பட்டி கிடைத்தால் அதிலேயே விடு. கிடைக்காவிட்டால் இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டி, அதிலிருந்து தும்பை, அதாவது குதிரையைப் பிடித்துக் கட்டுகிற கயிற்றை, தொங்கவிடுவார்கள். ‘ஹைலைன்’ என்கிறார்களாம். நம் தெருவில் நைனா பூவரச மரத்திலேயே கட்டிவிடுவார். குதிரை பட்டையைக் கடித்துத் தின்றதற்குப் பக்கத்து வீட்டு ஆயா ஒருநாள் விடாமல் திட்டும். அந்தக் காட்டில் ராத்திரி முழுக்க நேராக மரத்தில் கட்டக்கூடாது. குதிரைக்கு அலுத்துவிட்டால் முன்னங்காலால் தரையைப் பறிக்கும், வேர் வெளியே வந்துவிடும், மரம் பட்டுப்போகும். கயிறும் பட்டையை அறுக்கக்கூடாது என்று அகலமான நாடாவை மரத்தில் சுற்றி, அதில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். ஆயா இதைக் கேட்டிருந்தால் குளிர்ந்துபோயிருக்கும்.

கயிறு குதிரையின் தலைக்கு மேலே, ஏழடி உயரத்தில் விறைப்பாக நிற்கட்டும். தும்பு நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வாய் கீழே கிடக்கும் புல்லுக்கு எட்ட வேண்டும், கால் தும்பைத் தாண்டிப் போகக்கூடாது. நீளமாக விட்டால் காலில் சுற்றிக்கொண்டு, பயந்து, தன்னையே அறுத்துக்கொள்ளும். ஒரு நுனியை இழுத்தால் சட்டென்று அவிழ்கிற முடிச்சு மட்டும் போடு. சிநேகிதியிடம் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு போட வருகிற வரை பழகு. தண்ணீர்க் கரையிலிருந்து 200 அடியாவது தள்ளிக் கட்டு. லத்தி ஆற்றில் போய்ச் சேரக்கூடாது.

அடுத்து வயிறு. இதைத்தான் இரண்டு முறை படிக்கச் சொல்கிறேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒரே வழியாகத்தான் வெளியேற வேண்டும். தீனியைத் திடீரென்று மாற்றினால் குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் தடுமாறி, சூலை என்கிற கடும் வயிற்றுவலி வந்துவிடும். அந்தப் பக்கத்து அரசாங்கக் காடுகளில் களை விதை இல்லை என்று சான்று கொடுத்த புல்லைத்தான் கொண்டுபோக வேண்டுமாம். நியாயமான சட்டம். விதை குதிரையின் வயிற்றில் சாகாமல் லத்தியோடு விழுந்து முளைத்துவிடும். நம்மூர்ச் சீமைக் கருவேலத்தை ஆடு மாடுகள் காய் தின்று ஊரெல்லாம் பரப்பியது தெரியாதா உனக்கு? ஆனால் அந்தப் புல்லை முகாமில் போய்த்தான் முதல் முதலாகப் போடுவேன் என்று நிற்காதே. ஒரு வாரம், பத்து நாள் முன்பே வீட்டுப் புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கச் சொல். 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ காய்ந்த புல் வேண்டும். தண்ணீர் 20 முதல் 40 லிட்டர். மலை ஏறினால் இன்னும் கேட்கும். புது ஊர்த் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் நிற்கிற குதிரையும் உண்டு. அது குடித்ததா இல்லையா என்று வாளியைப் பார், குதிரையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே.

நைனா படுக்கப்போகும் முன் குதிரையின் விலாவில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே கடமுடா என்று ஓடிக்கொண்டிருந்தால் நிம்மதியாகப் படுப்பார். சத்தமே இல்லை என்றால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. நீயும் இப்போதே காது வைத்துப் பழகிக்கொள், நல்ல சத்தம் எது என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைப் பறிப்பது, புரளப் பார்ப்பது, லத்தி போடாமல் நிற்பது, இதெல்லாம் சூலை. தீனியை உடனே எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். காட்டில் உனக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே போனில் சிக்னல் எங்கே வரும், பக்கத்து ஊரில் குதிரை பார்க்கும் டாக்டர் யார், நம்பர் என்ன, இதையெல்லாம் கிளம்புமுன் காகிதத்தில் எழுதி வை.

ராத்திரி நின்றுகொண்டே தூங்கும், பயப்படாதே. கால் மூட்டைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் ஆழ்ந்து தூங்க அதற்கும் கொஞ்ச நேரம் படுத்தாக வேண்டும். புது இடத்தில் முதல் ராத்திரி படுக்காமல் நின்றே கழித்தாலும் ஆச்சரியமில்லை. மறுநாள் சோர்வாக இருந்தால் தூரச் சவாரி வேண்டாம். இருட்டில் போகும்போது பேசிக்கொண்டே போ, பின்னாலிருந்து போகாதே, டார்ச்சை முகத்தில் அடிக்காதே. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திடீர் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது.

லாடம், சேணப் பட்டை இரண்டையும் கிளம்புவதற்கு முந்தின நாளே பார்த்துவிடச் சொல். மலையில் லாடம் கழன்றால் அப்புறம் இறங்குகிறவரை நடைதான்.

அம்மா இட்லிப் பொடி, நெல்லிக்காய் ஊறுகாய், முறுக்கு எல்லாம் பார்சல் கட்டிவிட்டாள். காட்டுக்கு எடுத்துப்போனால் சாப்பாடு, குதிரைத் தீவனம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதே. கரடி எடுக்க முடியாத பெட்டியிலோ வண்டியிலோ பூட்டி வை. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பார்சலைத் திறந்து பொடியை எடுத்துவிடுவாள், பாதி எடை அதுதான்.

இப்படிக்கு,
அப்பா