படுக்கை இல்லாத லாரியில் தெஹ்ரான் வரை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பழைய பிரிட்டிஷ் லாரிகள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இங்கிலாந்திலிருந்து துருக்கி, ஈரான், சவுதி, கத்தார் என்று லோடு ஏற்றிக்கொண்டு போன அந்த வண்டிகளைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் முதலில் நன்றி. ஆனால் அந்த ரூட்டைப் பிரிட்டிஷ் வண்டிகள் ஸ்வீடன் நாட்டு வால்வோவுக்கும் ஸ்கானியாவுக்கும் பறிகொடுத்ததற்கு எஞ்சினில் பலம் போதாததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். நாமக்கல்லில் நாற்பது வருஷம் லாரிக்குப் பாடி கட்டியவன் நான், என் கண்ணுக்கு மீதிப் பாதி கேபினுக்குள் தெரிகிறது. டிரைவர் காலை நீட்டிப் படுக்க அதில் இடம் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் மகன் வீட்டுக்கு மான்செஸ்டர் போயிருந்தபோது பக்கத்து ஊரில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் 1972 மாடல் ‘அட்கின்சன் பார்டரர்’ என்ற பிரிட்டிஷ் லாரி ஒன்று. நான் அதையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு வண்டிக்காரர் கதவைத் திறந்து ஏறிப் பாருங்கள் என்றார். வெளியே பார்த்தால் ஃபைபர், உள்ளே தடவினால் மரச்சட்டம்! சட்டத்தின் மூலைப் பொருத்தைக் கை தானாகத் தேடிப் போனது, நம் பட்டறையில் ஆசாரி போடுகிற பொருத்து மாதிரியே அவ்வளவு நேர்த்தி. நடுவில் எஞ்சின் மூடி திண்ணை போல உயர்ந்திருக்கிறது, ஒரு பக்கம் டிரைவர் சீட், அந்தப் பக்கம் இன்னொரு சீட், முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனால் உடனே கேபினின் பின்சுவர் இடிக்கிறது. எங்கே தூங்குவார்கள் என்று மகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். எஞ்சின் மூடிக்கு மேலே சீட்டோடு சீட்டாகக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதில் சுருண்டுகொள்வார்களாம்.

அவர்கள் நாட்டுக்குள் ஓட்டுவதற்கு இது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது. சின்னத் தீவு, இருட்டினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டிரைவர்களுக்கு என்றே இருந்த தங்கும் வீடுகளில் படுத்துக்கொள்வார்கள். நீளத்துக்குச் சட்டத்தில் வரம்பு இருந்ததால் கேபினை நீட்டினால் லோடு ஏற்றும் இடம் குறையும் என்ற கணக்கும் உண்டு. சரி, இப்படிக் கட்டிய வண்டியை எடுத்துக்கொண்டு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனால்? பாப் பால், மைக்கேல் வுட்மன் என்ற இரண்டு பேர் 1964-ல் ‘கை வாரியர்’ (Guy Warrior) என்ற பிரிட்டிஷ் லாரி ஒன்றை லண்டனிலிருந்து காபூல் வரைக்கும் கொண்டுபோனார்கள். பிற்பாடு ஆஸ்ட்ரான் என்று பெயர் வாங்கிய கம்பெனி அவர்களுடையதுதான், அந்தக் கம்பெனியே போகப் போக ஸ்கானியாவுக்கு மாறிவிட்டது. 1967-ல் மூடிய சூயஸ் கால்வாய் 1975 வரை திறக்கவில்லை. 1973-க்கு அப்புறம் எண்ணெய்ப் பணம் கொட்டி, வளைகுடாத் துறைமுகங்களில் சரக்கு இறக்க முடியாமல் கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. அதனால்தான் கிடைத்த வண்டியை எல்லாம் ரோட்டில் இறக்கினார்கள்.

அந்த ரூட்டில் வண்டி ஓடுகிற நேரம் ஒரு பங்கு, நிற்கிற நேரம் ஒரு பங்கு. பல்கேரியாவிலிருந்து துருக்கிக்குள் நுழைகிற கபிக்குலே எல்லையில் நாள்கணக்கில் வரிசை, போய்ச் சேர்ந்தால் தெஹ்ரான் சுங்க வளாகத்திலும் அதே கதை. பின்னால் தார்ப்பாய்க்குள் ஏறிப் படுக்கலாமே என்றால் அதுவும் முடியாது. டி.ஐ.ஆர். லோடு, அதாவது வழியில் எந்த நாட்டுச் சுங்கத்திலும் பிரிக்காமல் முத்திரையோடு போகிற லோடு என்றால், தார்ப்பாயைச் சுற்றிக் கயிறு ஓட்டி ஈயமுத்திரை வைத்துவிடுவார்கள், நடுவில் அதைத் தொட்டால் வம்பு. ஆக, வாரக்கணக்கில் அந்தப் பலகைதான் வீடு. துணைக்குக் கிளீனரும் இல்லை. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கிற வண்டியை வலது பக்கமாகப் போகிற ரோட்டில் ஓட்டுகிற ஆளுக்கு, எதிரே வண்டி வருகிறதா என்று இடது பக்கம் எட்டிப் பார்த்துச் சொல்லக்கூட யாரும் கிடையாது.

கிழக்குத் துருக்கியில் எர்ஸுரம் ஊரைத் தாண்டித் தாஹிர் கணவாயில் பனிக்காலத்தில் டீசலே மெழுகு மாதிரி உறைந்துபோகும், டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்தி வைத்து இளக்குவார்கள். அந்தக் குளிரில் ஃபைபர் கேபினுக்குள் ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். இந்த பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த கார்ட்னர் எஞ்சின் டீசலைச் சிக்கனமாகக் குடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள், உண்மைதான். ஆனால் சூட்டை வீணாக்காத எஞ்சின் என்பதால் ஹீட்டருக்கும் சூடு அவ்வளவாக வராது என்பதை டிரைவர்கள் அந்தக் காலத்திலேயே குறையாகச் சொன்னார்கள்.

பார்டரரில் பெரும்பாலும் வந்த கார்ட்னர் 180 குதிரைத்திறன், வால்வோ எஃப் 88 என்றால் 240, 290. மலை ஏறுகிறபோது இந்த வித்தியாசம் தெரியும், நீங்கள் எழுதிய அளவுக்கு அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டனிலும் 1973-ல் இ.ஆர்.எஃப். கம்பெனி 335 குதிரைத்திறன் கம்மின்ஸ் எஞ்சினோடு, இடது பக்க ஸ்டீயரிங், படுக்கை வைத்த இரும்புக் கேபின் எல்லாம் சேர்த்து ‘யூரோப்பியன்’ என்று ஒரு வண்டி கொண்டுவந்தது. ஆக, அவர்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. வால்வோ எஃப் 88 1965-லேயே படுக்கைக் கேபினோடு கிடைத்தது, இவர்கள் அந்த இடத்துக்கு வர எட்டு வருஷம் ஆனது. 1979-ல் ஈரானில் புரட்சி, அடுத்த வருஷமே ஈராக்கோடு போர் என்று வந்து அந்த ரூட்டின் நல்ல காலமும் போய்விட்டது.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எண்ணூரில் செய்த லேலண்ட் காமெட் லாரியும் பிரிட்டிஷ் வம்சம்தான். ஆனால் இங்கே கேபினும் பாடியும் இல்லாத வெறும் சேசிஸாகத்தான் பட்டறைக்கு வரும், மேலே கட்டுவது எங்கள் வேலை. ஓனர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சீட்டுக்குப் பின்னால் பலகை போடாமல் வண்டியை வெளியே விட்டதில்லை. வண்டி எடுக்க வந்த டிரைவர்கள் ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பலகையில் ஒருதரம் படுத்து, கால் இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இடித்தால் அன்றைக்கே பிரித்துத் திரும்பப் போட்டுக் கொடுப்போம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்த படங்கள் எல்லாமே முன்னால் நின்று எடுத்தவை, கிரில்லும் பெயிண்டும்தான் தெரிகிறது. அடுத்த தடவை கதவைத் திறந்து வைத்து உள்ளே எடுத்த படம் ஒன்றாவது போடுங்கள், முடிந்தால் அந்தப் பலகையோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாடி பில்டர்,
நாமக்கல்