அனுமதி என்றால் யாருடைய அனுமதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடையோடு இணைய விண்ணப்ப வேலையும் பார்த்துக் கொடுக்கிறேன். விசைப்படகுகள் கடலுக்குப் போன நாள்களில், மகளின் கல்வி உதவித்தொகைக்காக மீனவர் வீட்டுப் பெண்கள் வருவார்கள். கடவுச்சொல் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டில் இருக்கும். ஓடிபி போகும் கைப்பேசியோ, சிக்னல் எட்டாத தூரத்தில் கணவரோடு படகில் இருக்கும். படகு கரை சேர்ந்த பின் அவர் எண்ணைச் சொல்ல, அவர் கணக்கில் நுழைந்து விண்ணப்பத்தை முடித்துக் கொடுப்பேன்.

சென்ற மாதம் ஒரு குடும்பத் தகராறில், அண்ணனின் கணக்கை நான் திருட்டுத்தனமாகத் திறந்ததாகத் தம்பி புகார் கொடுத்துவிட்டார். அண்ணனே வந்து, தான் சொல்லித்தான் நான் திறந்ததாகச் சொன்னதும் விசாரணை முடிந்தது. ஆனால், "இவர் சொன்னால் போதுமா, வலைத்தளக்காரர் சொன்னாரா?" என்று அங்கே ஒருவர் கேட்டதை என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஏனெனில், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கணினியின் (இங்கே, வலைத்தளம் இயங்கும் கணினியின்) உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியைத்தான் கேட்கிறது. கணக்குக்கு உரியவரின் சம்மதம் அதில் அடங்குமா என்று சொல்லவில்லை. அதே செயலை நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. என்னிடம் அப்படி ஓர் எண்ணம் இல்லை என்பது வழக்கின் முடிவில் தெளிவாகலாம்; ஜாமீனும் கிடைக்கும். ஆனால் பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்பதால், கடைக் கணினியைச் சாட்சியமாக எடுத்துச் சென்ற அன்றே பிழைப்பு போய்விடும்.

அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுக் கணினி மோசடிச் சட்டத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. 2021 ஜூனில் வான் பியூரன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பார்க்க உரிமையுள்ள தகவலைத் தவறான நோக்கத்துக்காகப் பார்ப்பது அச்சட்டத்தின்கீழ் குற்றமாகாது என்று வரம்பு கட்டியது. இங்கே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்கவும் தயக்கமாக உள்ளது: இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கி, 2015இல் ரத்தான இதே சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் வழக்குகள் நடந்துகொண்டே இருந்ததால், 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. கணக்குக்கு உரியவரின் சம்மதமே அனுமதி என்றும், வலைத்தள விதியை மீறுவது மட்டுமே குற்றமாகாது என்றும் நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு நோட்டுப் போட்டு, வருகிறவர்களிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி வைக்கிறேன். "இத்தனை வருசம் பழகின பிறகு கைநாட்டா கேக்குறீங்க, தம்பி?" என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்