பலாலி–திருச்சி: எந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 மார்ச் 30இல் தொடங்கிய பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்)–திருச்சி விமானச் சேவை பற்றிய செய்திகளில் தூரமும் நேரமும் ஆளுக்கொரு விதமாக வருகின்றன. 99 மைல் என்பார் ஒருவர், 184 கிலோமீற்றர் என்பார் இன்னொருவர். முன்னையது கடல் மைல் என்றால் இரண்டும் சரிதான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். அதை வீதி மைலாக நினைத்து 1.6 ஆல் பெருக்கினால் 25 கிலோமீற்றர் அளவில் காணாமற் போய்விடும்.

நேரத்தில்தான் குழப்பம் கூட. இவ்வழியில் ஓடும் ஏ.ரி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும், ஆகவே 22 நிமிடம் என்று வகுத்துச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வேகம் ஏறி முடித்து மட்டமாகப் பறக்கும்போது மட்டுமே. 14,000 அடிக்கு ஏறுவதாக வைப்போம். ஏறவே பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் வீதம் 42 கடல் மைல் வேண்டும். பாதித் தூரம் தாண்டிச் சற்று நேரத்தில் இறக்கம் தொடங்கிவிடும். முழு வேகத்தில் போவது ஐந்தாறு நிமிடந்தான்! அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஆகாயத்தில் நிற்கும் என்று கொள்வதே நியாயம்.

காற்றும் கணக்கை மாற்றும். விமானம் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். ஓடுபாதை எண் விமானம் ஓடும் திசையைக் குறிக்கும்: பலாலி ஓடுபாதை 05/23 (வடகிழக்கு/தென்மேற்கு), திருச்சியில் 09/27 (கிழக்கு/மேற்கு). சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் திருச்சியில் கிழக்கிலிருந்து 27இல் அனேகமாக நேரே இறங்கலாம். வாடை (வடகிழக்குக் காற்று) பிடித்துவிட்டால் 09இல் இறங்கவேண்டும். விமானம் நிலையத்தைத் தாண்டி மேற்கே போய்த்தான் திரும்பி வரும். பலாலியிலும் அப்போது வடகிழக்குப் பக்கமாக எழும்பி, பிறகு வடமேற்கே வளையவேண்டும். இரு முனையிலும் சில நிமிடங்கள் இப்படிப் போகும்.

அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போட்டிருப்பது இதனால்தான். அது தரிப்பிடத்தில் சில்லு அசைவதிலிருந்து மறு தரிப்பிடத்தில் நிற்கும்வரையான நேரம்: ஓடுபாதைக்கு ஊர்வது, அனுமதிக்குக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தாங்கள் செய்தி வெளியிடும்போது பறக்கும் நேரமா, அட்டவணை நேரமா என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும். இரு நாட்டுக்கும் நேர வித்தியாசம் இல்லை, கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

திருச்சியிலிருந்து வேறு டிக்கெட்டில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள்தான் கவனமாக இருக்கவேண்டும். அட்டவணைப்படி வந்துசேரும் நேரத்தோடு குடிவரவு, பெட்டி வருகை, சுங்கம் மூன்றையும் கூட்டி, அடுத்த விமானத்தின் செக்-இன் கவுன்ரர் மூடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள், புறப்படும் நேரத்தோடு அல்ல. டிக்கெட் தனித்தனி என்றால், முதல் விமானம் பிந்தியதற்காக இரண்டாவது காத்து நிற்காது. அந்தக் காசும் பெரும்பாலும் திரும்பி வராது.

வாசகர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.