துணைத் தலைவரின் கையெழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசியல் அதிகாரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் வகுத்த மரபு, வசீகரம், சட்டம் என்ற மூன்று வகை அதிகாரங்களையும் தெளிவாக விளக்கியது. ஆனால், மரபுவழி அதிகாரம் மன்னர்களோடு முடிந்துபோனது என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் மதுரை மாவட்டத்தில் அது சட்டத்தின் வாசல் வழியாகவே உள்ளே வந்து உட்கார்ந்தது.

1996 உள்ளாட்சித் தேர்தலில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள் அங்கே தலைவர் நிலைக்கவில்லை. மனுத்தாக்கலுக்கு ஆள் வராது. வந்தாலும், ஊரின் ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஒருவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்துவிடுவார். அந்த ராஜினாமாவில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது. அதே மாவட்டத்தில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் துணிந்து தலைவராகப் பொறுப்பேற்ற முருகேசனையோ, 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிய வழியில், உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள்.

இன்று அந்த அளவுக்கு ரத்தம் சிந்தத் தேவையில்லை. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணத்தை எடுக்க முடியும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிலமும் ஆள்பலமும் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அப்பதவி போவது எளிது. பிறகு அவர் கையெழுத்துப் போட மறுத்தாலே போதும்: குடிநீர்க் குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஊர் முழுக்கத் தலைவரைத்தான் ஏசும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஒருவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020-இல் வெளியானபோது எல்லோரும் கொதித்தோம். நாற்காலி மறுக்கப்படுவது கண்ணில் படுகிறது. கையெழுத்து மறுக்கப்படுவதை யார் படம் எடுப்பது?

தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், துணைத் தலைவர் காரணம் எழுதித் தராமல் குறிப்பிட்ட நாளுக்கு மேல் கையெழுத்தை நிறுத்தி வைத்தால், அந்த அதிகாரம் தானாகவே வேறொரு உறுப்பினருக்கு மாற வேண்டும். ஆட்சியரிடம் மனுவோடு தலைவர் அலையும் நிலை கூடாது. இதற்கான திருத்தத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவரும்படி உங்கள் இதழ் தலையங்கம் எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகர் ஒருவர், மதுரை மாவட்டம்