உருப்படுகிற புத்தகம் கேட்ட தோழிக்கு

கோவில்பட்டி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடத்தான் நினைத்தேன். அரையாண்டு விடைத்தாள் கட்டு வந்து சேர்ந்தது, நடுவில் அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள். கண்ணாடி போட்ட அன்றே, "வீட்டையாடி இவ்வளவு அழுக்கா வச்சிருந்தே?" என்று கேட்டுவிட்டாள். காசைக் கொடுத்து வினையை வாங்கிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளுக்குப் 'படித்தால் உருப்படுகிற மாதிரி' ஐந்து புத்தகம் சொல்லச் சொல்லியிருக்கிறாய். சிரிப்புத்தான் வந்தது. நம்மை உருப்படவைக்க எத்தனை புத்தகம் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? பரிசளிப்பு விழாவில் வாங்கியதெல்லாம் பரணில் கரையானுக்குப் போனது. நாம் நிஜமாகப் படித்தது, ரஷ்யப் புத்தகக் கண்காட்சியில் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு வாங்கிய ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. கிர்கீசிய மலைக்கிராமத்து அனாதைப் பெண் அல்தினாய். வளர்க்கிற வீட்டில் அவளை ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகத் தள்ளிவிடுகிறார்கள். தானே அரைகுறையாகப் படித்த வாத்தியார் அவளை மீட்டு, மேலே படிக்க ரயிலேற்றி அனுப்புகிறார். கடைசியில் அவள் பெரிய அறிஞர், அவர் அந்த ஊர்த் தபால்காரர். நமக்கும் அப்போது ஏறக்குறைய அவள் வயது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுததைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று வாட்ச்மேன் தாத்தா ஓடிவந்தார்.

அதை இந்த வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெண்ணைப் பற்றிய கதை, அவ்வளவுதான். பதின்பருவத்தினருக்காக என்று எழுதுகிற பல புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் ஒரு வாத்தியார் பிரம்போடு உட்கார்ந்திருக்கிறார். நானே அந்த வேலையில் இருப்பதால் வாசனை தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் நான் சொல்கிற பட்டியலில் பாதி, அவர்களைப் பற்றி எழுதியவை. அவர்களுக்காக எழுதியவை அல்ல.

அவளுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் நம்ம இடைசெவல்காரர் கி.ரா.வின் 'பிஞ்சுகள்' புத்தகத்தில் ஆரம்பிக்கலாம். பறவை முட்டை சேகரிக்கிற கரிசல்காட்டுச் சிறுவனின் கதை. சின்னப் புத்தகம், தொண்டையில் சிக்காது.

அப்புறம் 'கூளமாதாரி'. பெருமாள்முருகன் எழுதியது, 2000இல் வந்தது. கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கக் கட்டுப்பட்டிருக்கும் சக்கிலியப் பையன் கூளையனின் கதை. பண்ணைக்காரர் மகன் செல்வனும் அதே வயதுதான். சேர்ந்து விளையாடுவார்கள். ஆனால் அவன் எஜமான் மகன் என்பது எந்த விளையாட்டிலும் மறைவதில்லை. ஈரோட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கொங்குப் பேச்சு காதில் பழகியதுதான், எழுத்தில் பார்க்கும்போது முதல் பத்துப் பக்கம் தடுக்கும். விடாதே என்று சொல். சாதி தப்பு என்று எங்கேயும் பாடம் எடுக்கமாட்டார். ஒரு பையன் பசியோடும் வெயிலோடும் ஆட்டோடும் நாளைக் கழிப்பதைச் சொல்லிக்கொண்டே போவார், நமக்குத்தான் அடி வயிறு கலங்கும்.

இதில் ஒரு கதை கேள். எங்கள் பள்ளிக்கூடத்து நூலகப் பீரோவைப் பூட்டியே வைத்திருந்தோம். ஒரு புத்தகம் தொலைந்தாலும் பொறுப்பாசிரியர் தலையில் விழும் என்கிற பயம். அந்தப் பொறுப்பாசிரியர் வேறு யாருமில்லை, நான்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு புத்தி வந்து திறந்தேன். எட்டுப் புத்தகம் போனது போனதுதான், கணக்கு கேட்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். 'கூளமாதாரி'யை எடுத்துப்போன ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, "ஆடு மேய்க்கிறதைக்கூடவா டீச்சர் புத்தகமா போடுவாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். திருப்பித் தந்த அன்று, "எங்க ஊர்ல ஆட்டை இப்படிக் கூப்பிட மாட்டாங்க டீச்சர்" என்று சொல்லி, ஆசிரியர் அறையில் நின்றபடியே கூப்பிட்டுக் காட்டினாள். கணக்கு டீச்சர் டீயைக் கொட்டிக்கொண்டார். ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல மதிப்புரை நான் படித்ததில்லை.

இரா. நடராசனின் 'ஆயிஷா'வும் சின்னதுதான். ஓர் அறிவியல் புத்தகத்துக்கு ஆசிரியை ஒருத்தி எழுதும் முன்னுரை மாதிரி இருக்கும். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் பெண்ணைப் பற்றியது. அதை ஒரு பிள்ளை கையில் கொடுக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். வாத்தியார்களான எங்களுக்கு அது நல்லதுதான்.

அவள் யாருடனோ போனில் குசுகுசுவென்று பேசுவதாக எழுதியிருந்தாயே, அதற்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. 1944இல் வந்த, மலையாள எழுத்தாளர் பஷீரின் 'பால்யகால சகி', தமிழிலும் கிடைக்கும். ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று வாத்தியார் கேட்டதற்கு, 'கொஞ்சம் பெரிய ஒன்று' என்று பதில் சொல்லி மாட்டிக்கொள்வானே மஜீது, அந்தப் புத்தகம்தான். காதல் கதை என்று பயப்படாதே. காதலைவிட வறுமைதான் அதில் அதிகம். போனை வாங்கி வைத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். எனக்கு மகள் இல்லை, சொல்வது சுலபம் என்பாய். அதுவும் சரிதான்.

இங்கிலீஷில்தான் படிப்பேன் என்று அடம்பிடித்தால் 'தி அவுட்சைடர்ஸ்' கொடு. எஸ். இ. ஹிண்டன் அதை எழுத ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, 1967இல் புத்தகம் வந்தபோது பதினெட்டு. பையன்களின் தெருச்சண்டையைப் பெண் எழுதினாள் என்று தெரிந்தால் எடுபடாது என்று முதலெழுத்துகளை மட்டும் போடச் சொன்னார்கள் பதிப்பகத்தார். பதின்பருவத்தினருக்காக எழுதியவற்றில் பிரம்பு இல்லாத புத்தகம் இது. அந்த வயதுக்காரியே எழுதியதாலோ என்னவோ.

கடைசியாக ஆன் ஃபிராங்கின் டைரி. இது உன் மகளுக்கு மட்டுமில்லை, உனக்கும். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி படித்ததோடு நாம் விட்டுவிட்டோம். போன வருஷம் முழுசாகப் படித்தேன். 1942இல், பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டு அது. அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்துகொள்கிறார்கள். மறைவிடத்தில் மொத்தம் எட்டுப் பேர், 1944 ஆகஸ்டில் பிடிபடுகிற வரைக்கும். அதில் உயிரோடு திரும்பியது அப்பா ஒருத்தர்தான். வெளியே அவ்வளவு பெரிய யுத்தம் நடக்கிறது, உள்ளே இந்தப் பெண் அம்மாவோடு சண்டை போடுகிறாள். அம்மாவுக்குத் தன்னைப் புரியவே இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள். 1944 ஜனவரியில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு வெறுப்பை எழுதியது நானா என்று அவளே வெட்கப்படுகிறாள். அந்த இடத்தில் உன்னை நினைத்துக்கொண்டேன். 'கதவைச் சாத்திக்கொள்கிறாள், என்ன கேட்டாலும் ஒற்றை வார்த்தை' என்று நீ எழுதியதெல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. என்ன, அந்த வீட்டில் சாத்திக்கொள்ள அவளுக்கென்று தனிக் கதவு இல்லை.

1947இல் அப்பா புத்தகமாகப் போட்டபோது, உடம்பைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் அவள் எழுதியதில் சிலவற்றை எடுத்துவிட்டார். பிற்பாடு வந்த முழுப் பதிப்பில் அவையும் உண்டு. அதைப் பார்த்து வாங்கு. ஐயோ, இதையெல்லாமா என்று நீ யோசிப்பாய். அவளுக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதே. 'படித்தாயா, என்ன தெரிந்துகொண்டாய்?' என்று கேட்டுவிடாதே. அந்தக் கேள்வியைக் கேட்டே நான் பல பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கமே வராமல் செய்திருக்கிறேன். நீ முதலில் படி, சோபாவில் கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடு.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மழை இந்தத் தடவை பரவாயில்லை, உளுந்து தப்பித்துவிட்டது. தாரணிக்குப் பேரன் பிறந்திருக்கிறான், அவளிடமே கேட்டுக்கொள், ஒரு மணி நேரம் சொல்வாள்.

'பிஞ்சுக'ளும் 'ஆயிஷா'வும் என்னிடம் இரண்டிரண்டு பிரதி இருக்கின்றன. கடலைமிட்டாயோடு சேர்த்து நாளைக்குப் பார்சல் போடுகிறேன். 'முதல் ஆசிரியர்' உன்னிடம்தான் இருக்கிறது. கல்யாணமாகிப் போகும்போது எடுத்துக்கொண்டு போனவள் நீதான், இல்லையென்று சாதிக்காதே. அதைத் தேடி எடுத்து வெளியில் வை. நடுவில் எங்கேயோ நாம் வகுப்பில் கைமாற்றிய துண்டுச்சீட்டு ஒன்று இருக்கும், அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆளைப் பற்றி நீ எழுதியது. அதை எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

உன்,
பார்வதி